ஒரே மூச்சில் ஒரு கேலி

முதலில் இந்த ஸ்டேஷன் மின்விசிறியை யாராவது துடைக்க வேண்டும், மேடம். வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். இறக்கை மூன்றிலும் தூசு பட்டை பட்டையாகக் கட்டியிருக்கிறது. சுற்றச் சுற்ற உதிர்ந்து உங்கள் மேலும், எழுதிக்கொண்டிருக்கிற இந்தத் தம்பி மேலும் விழுகிறது. என் வேலை அப்படி. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், ஆஸ்துமாக்காரர்கள் வருகிற இரைப்பு அறையில் நர்ஸ் நான். எங்கே போனாலும் முதலில் தூசுதான் கண்ணில் படும், அப்புறம்தான் மனுஷர்கள். நீங்கள் இரண்டு மூன்று தடவை இருமினீர்கள். இருமலில் விசில் இல்லை. பேசும்போது நடுவில் மூச்சு வாங்கவில்லை. உங்களுக்கு ஒன்றுமில்லை. மின்விசிறியைத் துடைத்தால் போதும்.

கேட்டதற்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மைத்துனன் எங்கள் வீட்டு நாற்காலியில் எப்படி இறந்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரைப்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை எப்படி எடை போடுவது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் எழுதினால் நான் செய்தது வெறும் கொலை மாதிரி இருக்கும்.

இரைப்பு முற்றிப்போய் ஒருவர் வந்தால் நாங்கள் எடுத்த எடுப்பில் ஊசியைத் தேடி ஓடுவதில்லை. பேச்சுக் கொடுப்போம். வேலை வெட்டி இல்லாமல் அல்ல, ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாரா என்று பார்ப்பதற்கு. முடித்துவிட்டால் பயமில்லை. மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகையை உள்ளே அனுப்பினால் கொஞ்ச நேரத்தில் ஆளுக்கு வீட்டு நினைப்பு வந்துவிடும். பாதியில் நின்று மூச்சு வாங்கினால் நிலைமை கொஞ்சம் மோசம். ஒவ்வொரு சொல்லும் பல் பிடுங்கின மாதிரி வந்தால் சேட்டையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். நாடி, ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப், முதுகில் ஸ்டெதஸ்கோப் எல்லாம் அதோடு சேர்ந்து நடக்கும். வழக்கமாகப் பெயரையும் முகவரியையும் சொல்லச் சொல்வோம். முகவரி நீளமாக இருக்கிறவர்களுக்கு இதில் சின்ன அநியாயம் உண்டு.

அந்த அறையில் நான் கலகலப்பான ஆள் என்று பெயர் எடுத்தவன். இதை நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்வதற்கு இங்கே வேறு ஆள் இல்லை. "நல்லா இழுங்கம்மா, காத்துக்கு இன்னும் வரி போடல" என்பேன். மாஸ்க்குக்குள்ளேயே சிரிப்பார்கள், மருந்துப் புகை ஓரத்தில் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். ஒரு பெரியவர் என் பேச்சுக்குச் சிரித்துச் சிரித்தே மறுபடி இரைப்பு வந்து இன்னொரு டோஸ் வாங்கிக்கொண்டார். டாக்டர் என்னைக் கண்டித்தார். நான் அதை விருது மாதிரி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் கதை வேறு. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என் ஜோக் ஒன்றுக்கும் சிரித்ததில்லை. சிடுமூஞ்சி என்று நினைக்க வேண்டாம், தங்கமான மனுஷி. நான் சொல்லி முடித்ததும் "ம்" என்பாள். நீளமான ஜோக்காக இருந்தால் "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு "ம்" என்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. அவன்தான் இறந்தவன். கல்யாணம் கட்டவில்லை. எங்கள் வீட்டு முன் அறையில் தையல் கடை, அதே அறையில் படுக்கை. பொடியனாக இருந்தபோதே இரைப்பு. நான் அவனுக்கு வைத்த பெயர் குக்கர். விசில் வந்தால் இறக்கி வைக்க வேண்டும் என்பதால். தெருவுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவன் கோபித்ததில்லை. என் சட்டை எல்லாம் அவன் தைத்ததுதான். கூலி கொடுக்கப் போனால், "உங்க உடம்புக்கு அளவெடுக்கறதே எனக்கு ஒரு பயிற்சி மாமா, இந்தத் தொந்திக்குத் தைச்சவன் எதுக்கும் தைப்பான்" என்பான். தினமும் இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை மட்டும் இழுக்க மாட்டான். "நல்லாத்தானே இருக்கேன்" என்பான். நல்லா இருக்கிற நாளிலும் இழுத்தால்தான் நல்லா இருக்க முடியும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தம்பி, அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் எங்களோடு வந்து தங்கின புதிதில் ஒரு சாயங்காலம், துணி வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. என் மனைவி என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள். நான் மாஸ்க்கைப் போட்டு, கொஞ்சம் தணிந்ததும், ஆஸ்பத்திரிப் பழக்கத்தில், "மாப்ள, ஒரே மூச்சுல ஏதாவது சொல்லு பாப்போம்" என்றேன். பெயரையும் முகவரியையும் சொல்லியிருக்கலாம். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு நிறுத்தாமல் சொன்னான்.

"எங்கப்பா மாப்பிள்ளை பாக்கப் போன அன்னிக்குக் கண்ணாடிய வீட்லயே மறந்து வச்சிட்டுப் போயிட்டார், இல்லேன்னா எங்க அக்காவுக்கு இப்படி ஒரு மூஞ்சி வாச்சிருக்குமா?"

என் மனைவி சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதுவே எங்கள் வீட்டு அளவுகோல் ஆகிவிட்டது. 'வாச்சிருக்குமா' வரை ஒரே மூச்சில் வந்துவிட்டால் இழுப்பை உடனே தணிக்கிற நீல இன்ஹேலர் போதும். 'கண்ணாடிய' என்கிற இடத்தில் நின்றுவிட்டால் நெபுலைசர் மாஸ்க். 'எங்கப்பா'வோடு நின்றுவிட்டால் வேறு பேச்சே இல்லை, ஆம்புலன்ஸ். மருத்துவ ரீதியில் குறை சொல்ல முடியாத சோதனை, மேடம். ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம் என்பதால் போன தடவைக்கு இந்தத் தடவை எப்படி என்று ஒப்பிடுவது சுலபம். நான் வேலையில் இருக்கும்போது என் மனைவி போன் செய்து, "என்னங்க, கண்ணாடியோட நின்னுட்டான்" என்பாள். அவள் போனை வைப்பதற்குள் நான் வீட்டுக்குப் பாதி வழி வந்திருப்பேன். சிகிச்சை முடிந்து அவன் முழு வாக்கியத்தையும் சொல்லி முடிப்பான். அவள் சிரிப்பாள். பத்து வருஷம் அதே ஜோக், அதே சிரிப்பு. தொழில் தெரிந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், எப்பேர்ப்பட்ட ஜோக்கும் மூன்றாவது தடவைக்கு மேல் தாங்காது. இது தாங்கியது. எனக்கு அது புரியவே இல்லை.

இதனால் எனக்கு மனவருத்தம் உண்டா என்று உங்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. இல்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. என் மூஞ்சியைப் பற்றி என்னைவிட மோசமாக யாராலும் பேச முடியாது. ஒரு நல்ல கேலிக்கு முதலில் கைதட்டுகிறவன் நான்தான். கைதட்டியும் இருக்கிறேன், முதல் இரண்டு தடவை.

போன மழைக்காலத்தில் அவனுக்கு இழுப்பு கொஞ்சம் தூக்கலாக வந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். பெரிய டாக்டர் இருந்தார், நான் இருந்தேன், நர்ஸ்கள் இருந்தார்கள், மாஸ்க்கோடு நான்கைந்து நோயாளிகள், துடைப்பத்தோடு துப்புரவு அம்மா. புகை போட்டு ஓரளவு தெளிந்ததும் டாக்டர், "எங்க தம்பி, ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றார். அவன் மாஸ்க்கைத் தூக்கினான். என் பக்கம் விரலை நீட்டினான். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல் சொன்னான்.

டாக்டர் சிரித்ததில் ஸ்டெதஸ்கோப் காதிலிருந்து நழுவிவிட்டது. துப்புரவு அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். மாஸ்க் போட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஓரத்தில் புகை பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தப் புகை என் ஜோக்குக்கு மட்டும்தான் வரும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது.

அதற்குப் பிறகு வார்டில் என்னவோ மாறிப்போனது. நான் 'காத்துக்கு வரி' என்று ஆரம்பித்தால் சின்ன நர்ஸ், "அண்ணே, உங்க மச்சான் மறுபடி எப்ப வருவாரு?" என்பாள். டாக்டர் என்னைக் கூப்பிடும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப சரியாத் தெரியறீங்க" என்பார். யாரும் கெட்டவர்கள் இல்லை, மேடம். நல்ல மனுஷர்கள். நான் மெதுவாக ஜோக் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவ்வளவுதான். இதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் சொன்னேன்.

இன்னொரு விஷயம், இது முக்கியம். இரைப்பில் விசில் சத்தம் ஏன் வருகிறது என்றால், மூச்சுக்குழாய் சுருங்கிப்போய், காற்று சந்து வழியாக நெருக்கியடித்துப் போகிறது. விசில் அடிக்கிற வரைக்கும் காற்று போகிறது என்று அர்த்தம். குழாய் அடைத்தே போய்விட்டால் விசிலும் நின்றுவிடும். போக்குவரத்தே இல்லாத தெருவில் ஹார்ன் சத்தம் கேட்குமா? ஆளும் போராடுவதை விட்டுவிட்டு அமைதியாகிவிடுவார். கண் சொருகும். பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிற மாதிரி இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே பெரிய டாக்டர் சொல்லிக்கொடுத்தார். "சத்தம் போடற நெஞ்சுக்குப் பயப்படு. சத்தம் போடாத நெஞ்சைப் பாத்தா உதவிக்கு ஓடு." எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். வீடுகளில் தெரியாது. வீடுகளில் விசில் வந்தால் கவலை, விசில் நின்றால் நிம்மதி. என் மனைவிக்கும் அப்படித்தான். பத்து வருஷத்தில் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு முந்தின நாளிலிருந்தே சளி. நீல இன்ஹேலரை மணிக்கொரு தரம் அடித்துக்கொண்டிருந்தான். அப்படி அடிக்க வேண்டி வந்தாலே நோய் கையை மீறுகிறது என்று அர்த்தம். இந்த மாதிரி நேரத்துக்கென்று டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வைத்திருந்தார். காலையில் என் மனைவி, "அந்த மாத்திரையக் குடுத்துடலாமாங்க?" என்று கேட்டாள். "மதியம் பாக்கலாம்" என்றேன். அது வேலை செய்யவே சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே காலையில் கொடுப்பதுதான் முறை.

சாப்பாட்டுக்குப் பிறகு முன் அறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது, தொண்டைக் குழி உள்ளே போனது. நான் மாஸ்க்கை மாட்டி மருந்து போட்டேன். மருந்து சரியான மருந்து, அளவு சரியான அளவு. என்னை நம்பி வந்தவருக்குத் தப்பு மருந்து கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"மாப்ள, சொல்லு" என்றேன்.

"எங்கப்பா" என்றான். அடுத்த சொல் வரவில்லை. வாயைத் திறந்து மூடினான்.

என் மனைவி அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "எங்கப்பாவோட நின்னுட்டான். ஆம்புலன்ஸ் கூப்பிடறேங்க."

"அவசரப்படாத. மருந்து இறங்கக் கொஞ்சம் நேரம் குடு. நான் இருக்கேன்ல?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். போனை வைத்துவிட்டாள். நான் இருக்கேன்ல என்கிற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மதிப்பு.

இன்னொரு டோஸ் போட்டேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். எப்போதுமே அப்படித்தான், இழுப்பு வந்தால் அக்காவைக்கூடக் கிட்ட விடமாட்டான், நான்தான் வேண்டும். "மாமா" என்றான். நீங்களே பாருங்கள், அந்த வாக்கியத்தில் மாமா என்கிற சொல் கிடையாது. சோதனைக்கு அதை எப்படிக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் பிடி தளர்ந்தது. கண் சொருகியது. முதுகில் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன். ஆளில்லாத வீட்டுக் கதவில் காதை வைத்த மாதிரி இருந்தது. விரல் கிளிப் அலமாரியில் இருந்தது. எடுத்து மாட்டியிருந்தால் ஒரு எண் காட்டியிருக்கும், அந்த எண்ணை என் மனைவிக்குப் படிக்கத் தெரியும். நான் எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை.

"என்னங்க, எப்படி இருக்கு?" என்றாள்.

"விசில் நின்னுடுச்சு" என்றேன்.

அவள் நம்பாமல் குனிந்து அவன் முதுகில் காதை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. நிமிர்ந்தாள். சிரித்தாள், மேடம். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, அதே சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசில் நின்றுதான் இருந்தது.

"தூங்கறானா?"

"களைச்சுப் போயிட்டான். விடு."

அவள் ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவன் காலில் போர்த்தினாள். சத்தம் போடாமல் நடந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எழுந்ததும் குடிப்பான் என்று அவனுக்கும் சேர்த்து டீ வைத்தாள்.

நான் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டேன். நாற்காலியில் ஆள் சாய்ந்து கிடக்க நான் வெளியே போகிற சட்டையில், தலை வாரி, பையில் பேனாவோடு நின்றிருந்தேன் என்று ஆம்புலன்ஸ் டிரைவர் உங்களிடம் சொன்னாராம். கண் கூர்மையான ஆள். உண்மைதான். எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும், வீட்டுச் சட்டையோடு போனால் நன்றாக இருக்காது. திரும்பி வந்தபோது அவன் உதடு நீலமாகியிருந்தது. மார்பு அசையவில்லை. அப்போது ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். என் குரல் பதறினதாகப் பதிவில் இருக்கும். இத்தனை வருஷம் பதறின குரல்களைக் கேட்டவனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. அதற்குப் பிறகு மார்பை அழுத்தினேன், முறைப்படி. டீ பொங்கி அடுப்பில் வழிந்தது.

அவன் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியாது, மேடம். மூச்சுக்காக ஒரு மனுஷன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவதை வாரா வாரம் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். என் மனசு இளகின மனசு. வார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான், அவள் நிம்மதியாகச் சிரித்தாள். இரண்டையும் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்படித்தான் நான் அதைப் பார்த்தேன். நேற்றுவரை இப்படித்தான் பார்த்தேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. பெரிய டாக்டர் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரிடமும் என் மனைவி, "கடைசி வரைக்கும் இவர்தான் பக்கத்துல இருந்தார், இவர் இல்லேன்னா அவன் என்னிக்கோ போயிருப்பான்" என்று சொன்னாள். அதுவும் உண்மை.

நேற்று சாயங்காலம் அவள் தையல் அறையில் உட்கார்ந்திருந்தாள். மெஷினில் யாருடைய கால்சட்டையோ பாதி தைத்தபடி இருந்தது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று, "இனிமே என் மூஞ்சியக் கிண்டல் பண்ண ஆள் இல்ல. நீ சிரிக்கறதுக்கும் ஒண்ணும் இல்லாமப் போச்சு" என்றேன்.

"எதுக்குச் சிரிக்கறது?" என்றாள்.

"அதான், அந்தக் கண்ணாடி ஜோக்குக்கு."

அவள் என்னை ஏதோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அந்த ஜோக்குக்கா நான் சிரிச்சேன்? கடைசிச் சொல் வரைக்கும் வந்துட்டானேன்னு சிரிச்சேங்க. மூச்சு வந்துடுச்சே, பொழைச்சுட்டானேன்னு. அவன் உங்களைப் பத்தி என்ன சொன்னான்னு நான் ஒரு தடவைகூடக் காது குடுத்துக் கேட்டதில்ல."

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது, மேடம். எப்படிச் சொல்வது, பத்து வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போன மாதிரி. அந்த வீட்டில் என்னைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எதுக்கு முன்னாடி?" என்றாள்.

என் கண் அவன் உட்கார்ந்த நாற்காலிப் பக்கம் போனது. அவள் அதைப் பார்த்தாள். மடியில் இருந்த நூல்கண்டை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். எழுந்து போய்க் கதவை வெளியே தாழ் போட்டாள். கூடத்தில் நின்று உங்களுக்குப் போன் செய்தாள். நான் தையல் அறையில் அவன் படுக்கையில் உட்கார்ந்து நீங்கள் வருகிற வரை காத்திருந்தேன்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான், அதுவும் தெரிந்துதான். தம்பி, இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.